ஆராய்ச்சிப் பணத்தில் நமக்குப் பங்கு உண்டா?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நம் முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது. காரியதரிசி அதைக் கூட்டத்தின் தொடக்கத்தில் வாசித்துக் காட்டினார். தாமதமாக வந்தவர்களுக்காக அதன் சாரத்தை மட்டும் சொல்கிறேன். இந்த நகரத்தின் உயர்கல்வி நிலையம் ஒன்றின் துறையொன்று, நமது பஸ்தியில் மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரையும் அதன் பின்னால் வரும் காய்ச்சலையும் பற்றி ஆராயப் போகிறதாம். அதற்கு மத்திய அரசாங்கத்திடம் பணம் கேட்டு மனுப் போடுகிறார்கள். உள்ளூர் மக்களின் அமைப்பு ஒன்றும் சேர்ந்து மனுச் செய்தால்தான் அந்தப் பணம் கிடைக்குமாம். ஆகவே நமது சங்கத்தின் முத்திரையும் தலைவரின் கையெழுத்தும் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். மனுவின் நகல் கடிதத்தோடு வரவில்லை. எவ்வளவு பணம் என்பதும் அதில் இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கிறது.

நிர்வாகக் குழுவில் இதைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் எழுந்தன. ‘ஒரு கையெழுத்துத்தானே, போட்டுக் கொடுத்தால் நமக்கென்ன நஷ்டம், நாலு படித்தவர்களின் பழக்கம் கிடைக்குமே’ என்றார்கள் சிலர். நம்முடைய மூத்த உறுப்பினர் ஒருவர், நாற்பது வருஷமாக இங்கே இருப்பவர், வேறு விதமாகச் சொன்னார். ‘அண்ணாச்சி, ஆராய்ச்சி எதற்கு? சாக்கடையை வெட்டச் சொல்லுங்கள், போதும்’ என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் நம் சந்துக்குள் கேள்வித்தாளோடு சிலர் வந்தார்கள். எந்த நிலையத்தார் என்ற பெயர் இப்போது வேண்டாம். நம் பெண்கள் சமையலை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பதில் சொன்னார்கள். பிள்ளைகளின் விரலில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ரத்தத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஒரு துண்டுக் காகிதம் திரும்பி வரவில்லை.

என்னுடைய அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடலாம். ஆனால் பென்சில் கோடு போட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதிலும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்பதிலும் நமக்குக் கை இருக்க வேண்டும். இதை வெறும் வீம்புக்காகச் சொல்லவில்லை. நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த வங்காள மண்ணிலேயே, ஆராய்ச்சியாளரும் பாமர மக்களும் அரசாங்கப் பணத்தில் சேர்ந்து வேலை செய்து காட்டிய சரித்திரம் இருக்கிறது. அது எங்கே பலித்தது, எங்கே படுத்தது என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுவோம்.

கரக்பூர் ரயில்வேக் குடியிருப்பில் உங்களில் பலருக்கு உறவினர் உண்டு. அங்கிருந்து ஆத்ரா போகிற ரயிலில் மிதினாப்பூரைத் தாண்டிச் சால்போனிப் பக்கம் போனால் இருபுறமும் சால் மரக் காடு வரும். அந்தப் பிரதேசத்தில் ஆராபாரி என்றொரு வனச்சரகம் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே காடு என்று பெயருக்குத்தான் இருந்தது. சுற்றியிருந்த ஏழைச் சனங்கள் விறகு வெட்டிப் பட்டணத்தில் விற்றுப் பிழைத்தார்கள். அடிமரம் மட்டும் மிஞ்சியது. துளிர்த்ததை மாடு மேய்ந்தது. வனத்துறைக்கும் கிராமத்துக்கும் இருந்த உறவெல்லாம், அவர்கள் பிடிப்பதும் இவர்கள் ஓடுவதும்தான்.

காடு வளர்ப்பு ஆராய்ச்சிக்கென்று வனத்துறை நியமித்திருந்த அதிகாரியாக அஜித் குமார் பானர்ஜி அங்கே வந்தார். அவருடைய வேலை சோதனைப் பாத்திகளில் மரம் வளர்த்துக் கணக்கெடுப்பது. பாத்தி போட்டால் மாடு வந்து மேய்ந்துவிடும், சோதனை பாழாகும். வேலி போடு, காவலரைக் கூட்டு, வழக்குப் போடு என்பதுதான் அந்நாளைய சம்பிரதாயம். கிராமத்தாரோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று கூட இருந்தவர்களே புத்தி சொன்னார்களாம். அவர் போய்ப் பேசினார். மாட்டை எப்படித் தடுப்பது என்பதுதான் அதுவரை அரசாங்கத்தின் கேள்வி. மாட்டுக்காரனும் விறகுக்காரியும் காட்டுக்குள் வராமல் இருக்க வேண்டுமென்றால் அவர்கள் எதைத் தின்பார்கள் என்று அவர் கேட்டார்.

1972-ல் ஓர் ஏற்பாடு பிறந்தது. 11 கிராமங்கள், 618 குடும்பங்கள், 1,272 ஹெக்டேர் காடு. காட்டைக் காப்பது கிராமத்தாரின் பொறுப்பு. வெற்றிடங்களில் கன்று நடும் கூலி வேலை அவர்களுக்கே. சுள்ளி, இலை, புல், காட்டுப் பழம் எல்லாம் அவர்களுக்கு. மரம் வளர்ந்து வெட்டி விற்கும்போது வருமானத்தில் நூற்றுக்கு 25 பங்கும் அவர்களுக்கு. சால் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. மேலே வெட்டிவிட்டாலும் வேர் உயிரோடிருக்கும். சீண்டாமல் விட்டால் அடியிலிருந்து தானே கிளைத்து வரும். சில வருஷங்களில் காடு திரும்பி நின்றது. ஒன்றுக்கும் உதவாது என்று கிடந்த அந்தக் காட்டின் மதிப்பை 1983-ல் பன்னிரண்டரைக் கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். இதற்காகப் புதிதாக ஒரு யந்திரமும் சீமையிலிருந்து வரவில்லை. ஆராய்ச்சிக்கும் நடவுக்கும் எப்படியும் செலவாக வேண்டிய அரசாங்கப் பணம், கிராமத்தார் கைக்குக் கூலியாகப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் தோழர்களே, இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் இங்கே நிறுத்திவிட்டுக் கைதட்டுகிறார்கள். மேற்கொண்டு நடந்ததையும் பார்க்க வேண்டும். 1972-ல் ஓர் அதிகாரி வாயால் தந்த வாக்குறுதி, மேற்கு வங்காளத்தின் மற்றக் காடுகளுக்கும் பொருந்தும் அரசாணையாக வருவதற்கு 1989 ஆயிற்று. பதினேழு வருஷம்! அந்த வருஷம் காடு காக்கக் காத்திருந்த பிள்ளை தகப்பனாகிவிட்டிருப்பான். ஆணை வந்தபோதும் கிராமக் கமிட்டியின் காரியதரிசி பொறுப்பு வனத்துறை உத்தியோகஸ்தரிடம் இருந்தது. கணக்கு நோட்டு யார் கையிலோ அவர்தான் முதலாளி என்பது மளிகைக் கடையில் கடன் வைத்தவர்களுக்குத் தெரியும். செலவு போக மிஞ்சியதில் 25 பங்கு என்றார்கள். செலவு எவ்வளவு என்று எழுதுகிறவர் அந்த உத்தியோகஸ்தர். 1990-ல் மத்திய அரசாங்கம் எல்லா மாநிலங்களுக்கும் இதே வழியைச் சிபாரிசு செய்து சுற்றறிக்கை அனுப்பியது. ஆராபாரியின் பெயர் உலகமெல்லாம் பரவியது. பங்குப் பணம் அவ்வளவு வேகமாகப் போகவில்லை.

இனி நம் ஊருக்கே வருவோம். கொல்கத்தா என்று 2001-ல் பெயர் மாற்றினார்கள், நம் வாயில் இன்னும் கல்கத்தாதான். இந்தக் கல்கத்தாவின் சாக்கடை எங்கே போகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கங்கைக்கு அருகே இருக்கிறோம், ஆகவே கங்கைக்குத்தான் போகும் என்று நினைப்போம். நகரத்தின் தரை கிழக்கே சாய்ந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே கால்வாய் வெட்டிக் கழிவையெல்லாம் கிழக்கே வித்யாதரி ஆற்றில் விட்டார்கள். அந்த ஆறு தூர்ந்து போய், 1928-ல் செத்த ஆறு என்று சர்க்காரே அறிவித்தது. உப்புத் தண்ணீர் வரத்து நின்றுபோன ஏரிகளில் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் பார்த்தார்கள். சாக்கடை நீரை அளவாகக் குளத்தில் விட்டு அதிலேயே மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். இந்தக் குளங்களை வங்காளிகள் பேரி என்கிறார்கள்.

அந்தத் தொழிலைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எந்தப் பாடப் புத்தகத்திலிருந்தும் வந்தது இல்லை. குளிர்காலத்தில் குளத்தை வடித்துக் காய விடுகிறார்கள். மண்ணைக் கிளறிச் சுண்ணாம்பு போடுகிறார்கள். நம் ஊர் இலுப்பைப் பிண்ணாக்குத்தான், அதையும் போடுகிறார்கள். பிறகு சாக்கடை நீரை விட்டு இரண்டு மூன்று வாரம் சும்மா வைக்கிறார்கள். குளம் ஆழமில்லாதது, ஆகவே வெயில் அடிவரை போகிறது. வெயிலில் பாசி வளர்கிறது. அழுக்கைத் தின்னும் கிருமிகளுக்கு அந்தப் பாசி பிராணவாயுவைக் கொடுக்கிறது. பாசியை மீன் தின்கிறது. தண்ணீர் தயாராகிவிட்டதா என்று நிறத்தையும் வாசனையையும் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் கொஞ்சம் மீன் குஞ்சை விட்டுப் பார்க்கிறார்கள். கரையோரம் ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி நிறுத்துகிறார்கள். அது அலை அடித்துக் கரை கரையாமல் காக்கிறது. மீன் குளத்திலிருந்து வெளிவரும் தண்ணீர் நெல் வயலுக்குப் போகிறது. தாபா பக்கம் குப்பை மேட்டு மண்ணில் காய்கறி விளைகிறது. நம் வீட்டுப் பெண்கள் மார்க்கெட்டில் வாங்கும் ரோகுவும் காலிபிளவரும் எங்கிருந்து வருகின்றன என்று இப்போது தெரிந்திருக்கும். முகம் சுளிக்க வேண்டாம், பல பத்தாண்டுகளாக இந்த நகரம் அதைத்தான் சாப்பிடுகிறது.

1980-களின் தொடக்கத்தில் மாநில அரசாங்கத்தின் எஞ்ஜினியர் துருவஜோதி கோஷ், கழிவுநீர் என்ன ஆகிறது என்று கண்டறிய அதன் வழியே கிழக்கே போனார். இவ்வளவு பெரிய நகரத்தின் கழிவைச் சுத்தப்படுத்த ஒரு பெரிய ஆலை இருந்தாக வேண்டுமே என்று தேடிப் போனவருக்கு ஆலை கிடைக்கவில்லை. வெயிலும் பாசியும் மீன்காரர்களின் கைப்பக்குவமும்தான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. படித்த எஞ்ஜினியர் பேரிக்காரர்களிடம் மாணவனாக உட்கார்ந்தார். சூழலின் மானியத்தில் வாழும் நகரம் என்று கல்கத்தாவைப் பற்றி அவர் சொல்லி வந்தார். அவருடைய ஆய்வும் அவர் முன்னின்று தயாரித்த வரைபடமும் பின்னால் கோர்ட்டில் உதவின. அந்தச் சதுப்பு நிலத்தில் பெரிய வர்த்தக மையம் கட்டப் போகிறார்கள் என்றபோது நகரத்தின் குடிமக்கள் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 1992-ல் கல்கத்தா ஹைகோர்ட்டு, அந்த நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்று தடுத்தது. 2002-ல் 12,500 ஹெக்டேர் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலமாயிற்று. கோஷ் 2018-ல் காலமானார்.

இதில் அரசாங்கப் பணம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். 1980-களின் நடுவில் கங்கையைச் சுத்தப்படுத்தும் பெருந்திட்டம் தொடங்கியபோது, மீன்காரர்களிடம் கற்ற இந்தக் குளமுறையையே டிட்டாகர், பானிஹாட்டி, பாலி ஆகிய ஊர்களுக்குக் கொண்டு போனார்கள். மின்சாரம் தின்னும் ஆலைகளுக்கு நடுவில், பாமரன் கண்டுபிடித்த வழிக்கும் அரசாங்கக் கஜானாவில் ஒரு தலைப்பு கிடைத்தது. இதைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. நம்மைப் போன்றவர்களுக்குத் தெரிந்தது அறிவுதான் என்று ஒரு சர்க்கார் பைலில் எழுத வைப்பது மலையைப் புரட்டுகிற காரியம்.

இங்கும் ஒரு குறை உண்டு. 2006-ல் இந்தச் சதுப்பு நிலத்துக்கென்று தனிச் சட்டம் வந்து ஒரு நிர்வாக அதிகார சபை ஏற்பட்டது. அது துறைச் செயலாளர்கள் நிறைந்த சபையாகவே அமைந்தது. தண்ணீரின் நிறம் பார்த்துச் சொல்லத் தெரிந்த கூலிக்காரனுக்கு அங்கே நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. அவன் கரையிலேயே நிற்கிறான்.

மக்களைக் கேட்காமல் செலவழித்த பணம் என்ன ஆயிற்று என்பதற்கும் இந்த மாநிலத்திலேயே உதாரணம் கிடைக்கிறது. 1983-ல் கல்கத்தா டிராபிகல் மெடிசின் பள்ளியின் தோல் வைத்தியர் கே.சி. சாஹா, 24 பர்கானா கிராமங்களிலிருந்து வந்தவர்களின் உடம்பில் கரும்புள்ளியும் உள்ளங்கைத் தடிப்பும் கண்டு, அது குழாய்க் கிணற்று நீரில் உள்ள பாஷாணத்தால் வருவது என்று கண்டுபிடித்தார். ஆர்செனிக் என்கிறார்களே, அதுதான். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தியும் அவர் சகாக்களும் 1988 முதல் கிராமம் கிராமமாகத் தண்ணீரைச் சோதித்து, ஆபத்து எவ்வளவு பரந்தது என்று உரக்கச் சொன்னார்கள். அரசாங்கம் விழித்துக்கொண்டபோது யந்திரங்களை வாங்கி ஊர் ஊராக நட்டது. பாருய்ப்பூர் வட்டாரத்தில் அப்படி நட்ட 19 சாதனங்களை ஜாதவ்பூர்க்காரர்கள் இரண்டு வருஷம் தொடர்ந்து சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். பதினொரு கம்பெனிகளின் சரக்கு அது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த வரம்புக்குள் தண்ணீரை விடாமல் வைத்திருந்த சாதனம் ஒன்றுகூட இல்லை. வடிகட்டியில் அடைத்துக்கொண்ட மண்ணை யார் கழுவுவது, கெட்டுப்போனால் யாரிடம் சொல்வது, கழுவிய விஷத்தை எங்கே கொட்டுவது என்று ஊராரோடு பேசி வைத்துக்கொள்ளாத இடத்தில், யந்திரம் நடுத்தெருவில் நின்ற சாமியாகிவிடும். தினம் கும்பிடலாம், தண்ணீர் வராது. அதே காலத்தில், 1997 முதல், சிப்பூர் எஞ்ஜினியரிங் கல்லூரிக்காரர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து கைப்பம்போடு இணைத்த சாதனங்களைக் கிராமக் கமிட்டிகளின் பொறுப்பில் விட்டார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா, கணக்குக் கமிட்டியிடம். அதற்கு வந்த பணம் வெளிநாட்டுத் தர்ம ஸ்தாபனப் பணம், அரசாங்கப் பணம் அன்று. அரசாங்கம் பார்த்துக் கற்றிருக்கலாம்.

நம் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏரியை ஊரே கூடி மராமத்துப் பார்க்கும் குடிமராமத்து நமக்குப் புதியதன்று. வெள்ளைக்காரன் 1858-ல் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினான். ஊர்ப் பழக்கம் என்று பெயர், வராவிட்டால் அபராதம்! 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே 100 கோடி ரூபாய் ஒதுக்கி, பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்று வைத்துத் திட்டம் தொடங்கியது. மக்கள் பங்கேற்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் மயங்கிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொன்னேன். பங்கேற்பு என்றால் உழைப்பு மட்டும் நம்முடையதா, முடிவும் நம்முடையதா என்று பார்க்க வேண்டும்.

வெளி உலகத்தில் இதற்கு ஒழுங்கான வழிகள் இல்லாமல் இல்லை. ஹாலந்தில் 1970-களில் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் ‘விஞ்ஞானக் கடை’ என்று திறந்தார்கள். தொழிற்சங்கமோ தெருவாசிகளோ போய், எங்கள் ஆலைப் புகையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காசு கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக ஆராய்ந்து சொல்வார்கள். கேள்வி தெருவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். கானடா அரசாங்கத்தின் சமூக ஆராய்ச்சிக் கவுன்சில் 1999-ல் ஒரு திட்டம் தொடங்கியது. மக்கள் அமைப்பும் பல்கலைக்கழகமும் கூட்டாளிகளாகச் சேர்ந்து கேட்டால்தான் பணம். இன்று அதே வழி அங்கே வேறு பெயர்களில் நடக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், கேரளத்தில் 1990-களின் தொடக்கத்தில் புவி விஞ்ஞான நிலையத்தாரும் சாஸ்திர சாகித்ய பரிஷத்தாரும் பஞ்சாயத்து மக்களைச் சேர்த்துக்கொண்டு ஊரின் மண், நீர், நிலம் எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டார்கள். 1996-ல் மாநிலத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை உள்ளாட்சிகளிடம் விடப்பட்டபோது அந்தப் படங்கள் கையில் இருந்தன. பணம் வரும்போது விவரம் தயாராக இருந்த ஊர்கள் பிழைத்தன.

நம் மத்திய அரசாங்கத்தின் உன்னத பாரத இயக்கம் 2014-ல் தொடங்கியது. தில்லி ஐ.ஐ.டி. இதை நடத்துகிறது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஊர்ப் பிரச்சினைக்கு வழி காண வேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதன் விதிகள் கிராமம் என்றுதான் பேசுகின்றன. 2011-ம் ஆண்டு ஜனக்கணக்குப்படி கல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் பஸ்திகளில் வாழ்பவர் சுமார் 14 இலட்சம் பேர். நகரவாசிகளில் நூற்றுக்கு 31 பேர். கிராமத்தை விட்டுப் பிழைக்க வந்தவனை, கிராமத்தில் இல்லை என்பதால் திட்டம் பார்ப்பதில்லை. நகரத்திலோ அவன் வேற்றுப் பாஷைக்காரன். நாம் இங்கே இரட்டிப்பாகக் காணாமற் போனவர்கள். ஆகவேதான் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம் என்கிறேன். நகரத்துப் பஸ்திக்கென்று பணம் கேட்க ஒருவர் முன்வருவது அடிக்கடி நடப்பதன்று.

சாக்கடையை வெட்டினால் போதும் என்ற பெரியவருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஐயா, எந்தச் சாக்கடையை? நம் சந்தில் மழை நின்ற பிறகும் தண்ணீர் ஏறுகிறது. ஏன்? ஹூக்ளியில் கடலேற்றம் வரும்போது ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வராமல் லாக்கேட்டுகளை மூடுகிறார்கள். அப்போது ஊர்த் தண்ணீர் வெளியே போக வழியில்லை. இறக்கம் வந்து கதவு திறந்தால் வடிகிறது. நம் சந்தில் தேங்குவது இதனாலா, குழாய் அடைப்பாலா, பம்பு ஓடாததாலா என்று தெரியாமல் வெட்டினால், வெட்டிய சாக்கடை வழியாகவே தண்ணீர் திரும்பி வரும். இதைக் கண்டுபிடிக்க ஏற்ற இறக்க அட்டவணையும் எஞ்ஜினியரும் வேண்டும். அதைவிட முக்கியமாக, எத்தனை மணிக்கு வாசற்படியில் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று தெரிந்த ஆள் வேண்டும். ஆண்கள் நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். அது தெரிந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பாய் விரித்துப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள். கூட்டாளி வேண்டுமென்று கேட்டு வந்த கடிதம் உண்மையில் அவர்களுக்கு வந்த கடிதம்.

ஆகையால் பதில் இப்படி எழுதலாம் என்று யோசனை சொல்கிறேன். மனு முழுவதையும், செலவுக் கணக்கு உட்பட, முதலில் அனுப்புங்கள். தமிழில் வாசித்து விளக்க ஓர் ஆளையும் அனுப்புங்கள். கேள்வித்தாள் தயாரிக்கும்போது நம் பெண்கள் மூன்று பேராவது உடன் இருக்க வேண்டும். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வெளியாள் வேண்டாம். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் போவார்கள். மற்ற ஆராய்ச்சி உதவியாளருக்கு என்ன நாட்கூலியோ அதுவே இவர்களுக்கும். அதே சந்தில் பீகார்க்காரரும் வங்காளிகளும் ஒரியாக்காரரும் இருக்கிறார்கள். தண்ணீர் பாஷை பார்த்து ஏறுவதில்லை, ஆகவே அவர்களும் கமிட்டியில் இருக்க வேண்டும். தமிழர் சங்கத்தின் பேரால் அவர்களை விட்டுவிட்டு நாம் தனியாக ஒப்பந்தம் போட்டால் அது அநியாயம். ரத்தம் எடுப்பதானால், எதற்கு என்று புரிகிற பாஷையில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். இது நாம் கேட்கும் சலுகை இல்லை, 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே இருக்கிறது. ரத்தம் கொடுத்தவருக்கு முடிவு எழுத்தில் வர வேண்டும். பெயர் வெளியே போகக்கூடாது. எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்ற தகவல் வீட்டுக்காரன் காதுக்கோ முதலாளி காதுக்கோ போனால் குடியிருப்பும் வேலையும் போய்விடும்.

ஆராய்ச்சி முடிவை ஆங்கிலப் பத்திரிகையில் போடுவதற்கு முன்னால் இதே மண்டபத்தில் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் படித்துக் காட்ட வேண்டும். தப்பு இருந்தால் நாங்கள் சொல்வோம். பிறகு அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு எங்களோடு மாநகராட்சியின் பரோ ஆபீசுக்கு வர வேண்டும். ஆராய்ச்சிப் பணத்தில் சாக்கடை கட்ட முடியாது என்பார்கள், அது உண்மைதான். ஆனால் நாம் தனியாகப் போனால் வாசலில் நிற்கச் சொல்லும் ஆபீசில், புரொபசரோடு போனால் நாற்காலி கிடைக்கும். நாம் கேட்கும் பங்கில் அந்த நாற்காலியும் சேர்த்தி.

இவ்வளவுக்கும் ஒப்பாவிட்டால்? கையெழுத்து இல்லை. ‘கிடைக்கிறதையும் கெடுத்துக்கொள்வோமே’ என்று சிலருக்கு அச்சம் இருக்கிறது. முன்பு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்களே, அதில் நமக்கு என்ன கிடைத்தது, இப்போது கெடுவதற்கு? அந்தப் பழைய கணக்கையும் நாம் விட வேண்டியதில்லை. அது அரசாங்கப் பணத்தில் நடந்த வேலையாக இருந்தால், 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணம் கட்டி, எவ்வளவு செலவாயிற்று, அறிக்கை எங்கே என்று கேட்கலாம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மனுவை நமது இளைஞர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் படித்துக் காட்டுவார்.

தீர்மானம் இரண்டு. ஒன்று, மேலே சொன்ன நிபந்தனைகளோடு பதில் அனுப்புவது. மற்றொன்று, பணம் வந்தாலும் வராவிட்டாலும் இந்த மழைக்காலத்திலேயே நாம் குறித்து வைக்கத் தொடங்குவது. இருபது வீட்டு வாசற்சுவரில் அடி, அங்குலம் என்று பெயிண்டால் கோடு போடுவோம். தண்ணீர் எந்தக் கோட்டில், எந்தத் தேதியில், எந்த மணியில் என்று ஒரு நோட்டு. யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று ஒரு நோட்டு. காய்ச்சல் நோட்டில் வீட்டு எண் வேண்டாம், அடையாளக் குறி மட்டும் போதும். நோட்டு வாங்கவும் பெயிண்டு வாங்கவும் சங்க நிதியிலிருந்து செலவு செய்யப் பொருளாளர் சம்மதித்திருக்கிறார். கோடு போடச் சம்மதிக்கும் வீட்டார், குறிப்பெழுத முன்வரும் பெண்கள், இன்று போவதற்கு முன் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் காரியதரிசியிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெயிண்டு டப்பாவோடு சந்து முனையில் கூடுகிறோம்.